அணு, நீர், காற்று, சூரியன்: மின்நிலையப் பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் உற்பத்தி பற்றிப் பேச்சு எடுத்தாலே வந்து விழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். ஒரு நிலையத்தில் எத்தனை காப்பு ஏற்பாடுகள் இருக்கின்றன என்று எல்லோரும் எண்ணிப் பார்க்கிறோம். அவை எல்லாமே எதை நம்பி நிற்கின்றன என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

எது அதிக ஆபத்து, அணு மின்சாரமா சோலாரா?

உயிரிழப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே பாதுகாப்பான பக்கத்தில்தான் நிற்கின்றன. நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் போகிறது என்று பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கணக்கு உண்டு. அதில் நிலக்கரிக்குச் சுமார் 25, எரிவாயுவுக்குச் சுமார் 3, நீர் மின்சாரத்துக்கு 1.3. அணு, காற்றாலை, சோலார் மூன்றும் 0.02 முதல் 0.04 வரை. சோவியத் யூனியனின் செர்னோபில் (1986), ஜப்பானின் ஃபுகுஷிமா (2011) ஆகிய அணு விபத்துகளையும் சேர்த்துப் போட்ட கணக்குதான் இது. நிலக்கரியின் எண்ணில் பெரும்பங்கு புகையால் வரும் சாவு.

ஆனால் சராசரி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அணு விபத்து அரிது. நடந்தால் ஊர் ஊராகக் காலி செய்ய வேண்டியிருக்கும், திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். கூரையில் பேனல் மாட்டும்போது தவறி விழும் தொழிலாளியின் சாவு எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டையும் தனித்தனியாகத் தடுக்க வேண்டும்.

அணு உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்தது, இல்லையா?

இல்லை. அணு உலைப் பாதுகாப்பில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பேன் என்பவர் இதை வைத்துக்கொள்ளலாம்.

அணுப்பிளவை அடக்கும் கட்டுப்பாட்டுக் கோல்கள் உலைக்குள் இறங்கியதும் சில வினாடிகளில் பிளவு நின்றுவிடும். ஆனால் பிளந்து உருவான துண்டுகள் கதிரியக்கம் கொண்டவை. அவை சிதைந்துகொண்டே இருக்கும், சிதையும்போது வெப்பம் வரும். அந்த வெப்பத்துக்கு சுவிட்ச் கிடையாது. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத்திறன் சுமார் 3,000 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம், அதாவது 200 மெகாவாட் அளவுக்கு வெப்பம் மிஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்தில் 1.5 சதவீதத்துக்கும், ஒரு நாளில் அரை சதவீதத்துக்கும் இறங்கும். அரை சதவீதம்தானே என்று தோன்றும். மணிக்கு 20 டன் தண்ணீரைக் கொதித்து ஆவியாக்க அது போதும்.

ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் புதுத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால் எரிபொருள் கோல்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். கோல்களின் உறை சிர்கோனியக் கலவை. 1,200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது நீராவியோடு வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். ஃபுகுஷிமாவில் கட்டடங்கள் வெடித்தது அந்த ஹைட்ரஜனால்தான். அது அணுகுண்டு வெடிப்பு அல்ல.

ஃபுகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்களே இல்லையா?

இருந்தன. 6 உலைகளுக்கு 13. 2011 மார்ச் 11 பிற்பகல் 2:46க்கு நிலநடுக்கம் வந்தது. ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாக நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது, குளிர்விக்கும் பம்புகளுக்கு மின்சாரம் தர ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் வரைபடத்தில் இருந்தபடிதான் நடந்தது. ஏறத்தாழ 50 நிமிடம் கழித்துக் கடல் உள்ளே வந்தது.

ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கீழ்த்தளங்களில் இருந்தன. அவை மூழ்கின. இதில் என் மனதை உறுத்துகிற விவரம் ஒன்று உண்டு. கொஞ்சம் உயரத்தில் வைத்திருந்த, காற்றால் குளிர்விக்கப்படும் ஜெனரேட்டர்கள் சில நனையவே இல்லை. ஆனால் அவற்றின் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் பலகைகள் கீழே இருந்தன. அவை நனைந்துவிட்டன. எஞ்சின் நன்றாக இருக்கிறது, மின்சாரம் போவதற்கு வழி இல்லை. 6ஆவது உலையின் ஒரே ஒரு ஜெனரேட்டர் மட்டும் சுவிட்ச் பலகையோடு தப்பியது. 5, 6 ஆகிய இரண்டு உலைகளையும் காப்பாற்றியது அதுதான்.

அந்த இடம் முதலில் 35 மீட்டர் உயரக் குன்றாக இருந்தது. அடித்தளத்தைப் பாறையில் போட வேண்டும், கடல்வழி வரும் கனரக இயந்திரங்களை எளிதாக இறக்க வேண்டும், கடல்நீரை ஏற்றும் செலவு குறைய வேண்டும் என்றெல்லாம் யோசித்துக் குன்றை 10 மீட்டருக்கு வெட்டினார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். வந்த அலையின் உயரம் சுமார் 14 மீட்டர்.

அதே சுனாமியில் வேறு அணு நிலையம் தப்பியதாகச் சொல்கிறார்களே?

ஒனகாவா. நிலநடுக்க மையத்துக்கு ஃபுகுஷிமாவைவிடவும் பக்கத்தில் இருந்த நிலையம். அதைத் திட்டமிட்டபோது யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், பழைய சுனாமிகளைக் காட்டி உயரம் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். தரைமட்டம் 14.8 மீட்டர் என முடிவானது. 2011இல் அங்கே அலை சுமார் 13 மீட்டர் எழுந்தது. நிலநடுக்கத்தில் தரையே ஒரு மீட்டர் கீழே இறங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மிஞ்சியது ஒரு மீட்டர்கூட இல்லை. சேதங்கள் இருந்தன, ஆனால் உலைகள் பத்திரமாகக் குளிர்ந்தன. வீடிழந்த அக்கம்பக்கத்து மக்கள் நூற்றுக்கணக்கானோர் அந்த அணு நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள்.

அப்படியானால் காப்பு ஏற்பாடுகளை இரட்டிப்பாக்கினால் போதுமா?

எண்ணிக்கை ஏமாற்றும். 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில் ஒரு தொழிலாளி கேபிள் நுழையும் துவாரத்தில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க மெழுகுவர்த்தியைப் பிடித்தார். சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது அங்கே வழக்கமான முறை. அடைப்புக்கு வைத்திருந்த நுரைப்பொருள் பற்றிக்கொண்டது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் கருகின. அவசரகாலக் குளிர்விப்புக்கு ஒன்றுக்கு இரண்டாக ஏற்பாடு இருந்தது. ஆனால் அவற்றின் கேபிள்கள் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் ஓடின. இன்று காப்புக் கேபிள்களைத் தனித்தனி வழியில், தீத்தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் அந்த மெழுகுவர்த்தியிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்று சுவீடனின் ஃபோர்ஸ்மார்க், 2006 ஜூலை 25. வெளியே, நிலையத்தைக் கட்டமைப்போடு இணைக்கும் மின்முற்றத்தில் ஒரு குறுஞ்சுற்று (ஷார்ட் சர்க்யூட்). அதனால் எழுந்த மின்னழுத்த வீச்சு உள்ளே பாய்ந்தது. நான்கு தடையில்லா மின்வழங்கிகளில் (யுபிஎஸ்) இரண்டு நின்றன, அவற்றை நம்பியிருந்த இரண்டு டீசல் ஜெனரேட்டர்களின் மின்சாரமும் போய்ச் சேரவில்லை. நான்கும் ஒரே வகைக் கருவிகள். இரண்டு தாக்குப்பிடித்தது நல்ல நேரம். சுமார் 22 நிமிடத்தில் ஊழியர்கள் கையால் இணைத்துச் சரிசெய்தார்கள்.

இதைத்தான் பொதுக் காரணப் பழுது என்கிறோம். பத்து ஜெனரேட்டர் ஒரே கீழ்த்தளத்தில் இருந்தால், வெள்ளத்தின் கணக்கில் அது ஒரே ஒரு ஜெனரேட்டர்.

செர்னோபில் மாதிரி மற்ற உலைகளும் வெடிக்குமா?

அதே விதத்தில் வெடிக்காது. பெரும்பாலான உலைகளில் தண்ணீர் ஆவியானால் அணுப்பிளவு தானே தளரும். செர்னோபில் வகை உலையில், குறிப்பாகக் குறைந்த திறனில், தண்ணீர் ஆவியாக ஆவியாகப் பிளவு கூடியது. போதாக்குறைக்கு, உலையை நிறுத்தும் கோல்களின் கீழ்ப்பகுதியில், பிளவுக்குத் துணைபோகும் கிராஃபைட் இருந்தது. 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1:23க்கு நிறுத்தும் பொத்தானை அழுத்தியபோது, மேலே இருந்த கோல்கள் இறங்கிய முதல் சில வினாடிகளில் உலையின் அடிப்பகுதியில் திறன் ஏறியது. நிறுத்தும் பொத்தானே முடுக்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மேற்கத்திய உலைகளில் இருப்பது போன்ற கனத்த காப்புக் கூடும் அங்கே இல்லை. பின்னர் அந்த வகை உலைகளில் கோல்களை மாற்றினார்கள், எரிபொருளின் செறிவை, அதாவது அதில் எளிதில் பிளவுபடும் யுரேனியத்தின் பங்கை, 2 சதவீதத்திலிருந்து 2.4க்கு உயர்த்தினார்கள்.

கடைசியில் எல்லாம் மனிதத் தவறுதானே?

அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட். அதிகாலை நான்கு மணி. அழுத்தம் கூடியதால் ஒரு வால்வு திறந்தது, மறுபடி மூடவில்லை. அந்த வழியாக உலையின் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த வால்வுக்கு ஒரு விளக்கு உண்டு. அது அணைந்திருந்தது. அணைந்தால் மூடியிருக்கிறது என்றுதான் ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு காட்டியது, வால்வுக்கு 'மூடு' என்ற கட்டளை போய்விட்டது என்பதை மட்டும்தான். வால்வு மூடியதா என்று பார்க்க அங்கே உணரியே இல்லை. வெளியேறும் தண்ணீர் போய் விழுந்த தொட்டியின் அளவுமானிகளோ முதன்மைப் பலகைக்குப் பின்புறம் இருந்தன.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஓடியது. உலைக்குள் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, அவசரகாலத் தண்ணீரையும் ஊழியர்களே குறைத்தார்கள். எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது. காப்புக் கூடு தாங்கியதால் வெளியே பெரிய பாதிப்பு இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. கட்டளையைக் காட்டும் விளக்கை நிலையைக் காட்டும் விளக்குபோல வைத்தது வடிவமைப்பாளரின் முடிவு.

பழைய அணு உலைகளை இன்னும் ஓட்டலாமா?

வயது தனியாக எதையும் சொல்லாது, பராமரிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், உலைக் கட்டடத்துக்குள் கதிரியக்கம் அளக்கும் கருவியின் காற்று வடிகட்டிகள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. துருநிறத் தூள். வடிகட்டியை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். தூள் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடிப் போகவில்லை. 2002இல் திறந்து பார்த்தால், 16 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனான உலை மூடியை, உலைத் தண்ணீரோடு கசிந்த போரிக் அமிலம் குடைந்து தின்றிருந்தது. உலையின் முழு அழுத்தத்தையும் அந்த இடத்தில் தாங்கி நின்றது, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த துருப்பிடிக்காத எஃகு உட்பூச்சு மட்டும்தான்.

பிரான்சின் கதை வேறு. எல்லா உலைகளையும் சில மாதிரிகளிலேயே கட்டினார்கள். செலவு குறைந்தது, பயிற்சி எளிதானது. 2021 இறுதியில் சிவோ நிலையத்தின் அவசரக் குளிர்விப்புக் குழாய்களில் அரிப்பு விரிசல் தெரிந்தது. ஒரே வடிவம் என்பதால் அடுத்தடுத்த நிலையங்களையும் நிறுத்திப் பார்க்க வேண்டியதாயிற்று. வழக்கமான பராமரிப்பும் சேர்ந்துகொள்ள, 2022இல் ஒரு கட்டத்தில் 56 உலைகளில் பாதிக்கு மேல் ஓடவில்லை. அதிகம் பாதிக்கப்பட்டவை புதிய மாதிரி உலைகள் என்பதைக் கவனியுங்கள்.

நீர் மின்சாரம் சாதுவானதுதானே?

மேலே சொன்ன கணக்கில் நீர் மின்சாரத்தின் எண்ணை ஏற்றியது பெரும்பாலும் ஒரே விபத்து. 1975 ஆகஸ்டில் சீனாவின் பான்சியாவ் அணை, புயல் மழையில் உடைந்தது. வெள்ளத்தில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அதன்பின் வந்த பஞ்சத்தையும் நோயையும் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும் மதிப்பீடுகள் உண்டு.

அணை உடையாமலும் விபத்து வரும். ரஷ்யாவின் சயானோ-ஷுஷென்ஸ்கயாவில் 2009 ஆகஸ்ட் 17 அன்று 2ஆம் எண் டர்பைனின் மூடி பிய்த்துக்கொண்டு எழுந்தது. நீர் பீறிட்டு இயந்திரக் கூடத்தை நிரப்பியது, 75 பேர் இறந்தார்கள். மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் கிடைத்த 49ஐ ஆராய்ந்தபோது 41இல் பழைய விரிசல்கள். அதிர்வு அளவை மீறி ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் அது. மேலே மதகுகளை மூடவும் மின்சாரம் இல்லை, ஏனென்றால் மின்சாரம் வந்துகொண்டிருந்தது மூழ்கிய அதே கூடத்திலிருந்து. ஊழியர்கள் அணையின் உச்சிக்கு ஓடிக் கையால் மூடினார்கள்.

சோலாரில் என்ன பெரிய ஆபத்து இருந்துவிடப் போகிறது?

இடத்திலேயே இருக்கும் ஆபத்து ஒன்று: வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. கம்பியில் நேர்மின்னோட்டம் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் நிற்கும். இணைப்பு தளர்ந்தால் வரும் தீப்பொறி, மாறுமின்னோட்டத்தில் அணைவதுபோல எளிதில் அணையாது. பொருந்தாத இரண்டு வகை இணைப்பான்களைச் செருகி வைப்பது கூரைத் தீக்கு ஒரு முக்கியக் காரணம்.

பெரிய ஆபத்து, கருவிகளுக்குள் முன்கூட்டியே பதித்து வைக்கும் எண்களில் இருக்கிறது. ஜெர்மனியில் ஒருகாலத்தில், மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் சோலார் தானாக விலக வேண்டும் என்பது விதி. சில ஆயிரம் கூரைகள் இருந்தபோது அது நல்ல விதிதான். கூரைகள் லட்சக்கணக்கில் பெருகியபோது, ஒரே எண்ணில் எல்லாம் ஒரே கணத்தில் விலகும் நிலை வந்தது. ஐரோப்பியக் கட்டமைப்பு திடீர் இழப்புக்காக வைத்திருந்த இருப்பு 3,000 மெகாவாட். விலகக்கூடிய சோலார் அதைப்போலப் பல மடங்கு. 2012 முதல் 3 லட்சம் அமைப்புகளுக்கு மேல் ஒவ்வொன்றாகப் போய் எண்ணை மாற்றினார்கள்.

2016 ஆகஸ்ட் 16 அன்று கலிபோர்னியாவில் அது நடந்தே விட்டது. காட்டுத்தீயின் புகையால் உயர் அழுத்தக் கம்பியில் பழுது. மின்னோட்டத்தின் அலைவடிவம் ஒரு கணம் கலைந்ததை, பேனலின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர்களில் பல, அதிர்வெண் வீழ்ச்சி என்று தவறாகப் படித்தன. உண்மையில் அதிர்வெண் அப்படி விழவில்லை. ஏறத்தாழ 1,200 மெகாவாட் சோலார் போனது. மருந்து எளிமையானது: முடிவெடுக்குமுன் சில வினாடி பொறுத்துப் பார் என்று மென்பொருளில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கிரிட் (பொது மின்கட்டமைப்பு) போனால் என் வீட்டு சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது?

கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்காக. மின்சாரம் இல்லை என்று நம்பி அவர் தொடும் கம்பிக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது. பேட்டரியும், கிரிட்டிலிருந்து துண்டித்துக்கொண்டு தனியே ஓடக்கூடிய இன்வெர்ட்டரும் இருந்தால் வீட்டுக்கு மட்டும் ஓட்டலாம்.

காற்றும் சோலாரும் கூடினால் மின்தடை கூடுமா?

தானாகக் கூடாது, பழைய ஏற்பாட்டையே நம்பியிருந்தால் கூடும். அனல், அணு, நீர் நிலையங்களில் பெரிய சுழலிகள் சுற்றுகின்றன. எங்காவது ஒரு நிலையம் திடீரென நின்றால், அந்தச் சுழற்சியின் சடத்துவம் சில வினாடிகளுக்கு அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும். இன்வெர்ட்டரில் சுழல்வது எதுவும் இல்லை. அதற்குத் தனியாகப் பொறுப்பு எழுதித் தர வேண்டும்.

2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் சூறாவளி மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடத்துக்குள் 6 முறை மின்னழுத்தம் சரிந்து எழுந்தது. இத்தனை முறைதான் தாங்குவேன் என்று காற்றாலைகளில் ஒரு வரம்பு வைக்கப்பட்டிருந்தது. அப்படி ஒரு வரம்பு இருந்ததே கட்டமைப்பை நடத்தியவர்களுக்குத் தெரியாது. 456 மெகாவாட் ஒரேயடியாகக் குறைந்தது, பக்கத்து மாநில இணைப்பும் அறுந்தது, மாநிலமே இருண்டது. பிறகு அந்த வரம்பைத் திருத்தினார்கள்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கு வேறு காரணம்: மின்னழுத்தம் ஏறி, அதனால் நிலையங்கள் விலகி, விலகியதால் மேலும் ஏறிய தொடர். சோலார், காற்றாலைகளில் பல அழுத்தத்தைச் சமாளிக்கும் பொறுப்பு தரப்படாமலே ஓடிக்கொண்டிருந்தன. பொறுப்பு தரப்பட்டிருந்த மற்ற நிலையங்களும் எதிர்பார்த்த அளவுக்கு அதைச் செய்யவில்லை. கருவியால் முடியும், விதி கேட்கவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் வகைத் தோல்வி.

பேட்டரி நிலையங்கள் தீப்பிடிக்கின்றனவே?

ஒரு செல் சூடேறிக் கட்டுமீறினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். சுடரைவிட ஆபத்து, அதற்கு முன் வரும் வாயு. 2019 ஏப்ரல் 19 அன்று அரிசோனாவில் ஒரு பேட்டரிக் கூடத்தில் தீயணைக்கும் வாயு பாய்ச்சப்பட்டது. ஆனால் செல்கள் தொடர்ந்து எரியும் வாயுக்களைக் கக்கிக்கொண்டிருந்தன. சில மணி நேரம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்தார்கள். வெடித்தது. நான்கு பேர் படுகாயமடைந்தார்கள்.

2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் எரிந்ததும் ஒரே கூரைக்குள், பழைய டர்பைன் கூடத்துக்குள் அடுக்கிய பேட்டரிகள். இப்போது திறந்தவெளியில் தனித்தனிப் பெட்டிகளாக, இடைவெளி விட்டு வைக்கிறார்கள். ஒன்று எரிந்தால் அது மட்டும் எரிந்து அடங்கட்டும் என்பது கணக்கு. இடம் அதிகம் தேவைப்படும். கொடுக்க வேண்டிய விலைதான்.

காற்றாலை இறக்கை உடைந்தால்?

பொதுவாக ஆளில்லாத இடத்தில் விழும். 2024 ஜூலையில் அமெரிக்கக் கடலோரத்தில் 107 மீட்டர் இறக்கை ஒன்று உடைந்தது, காரணம் தொழிற்சாலையில் சரியாக ஒட்டாத பசை. அதே தொழிற்சாலையில் செய்த மற்ற இறக்கைகளையும் பரிசோதிக்க வேண்டியதாயிற்று.

அணுக்கழிவுக்கு வழியே இல்லை என்கிறார்களே?

வழி இருக்கிறது, அதைச் செய்து முடித்தவர்கள் குறைவு. பின்லாந்தின் ஓங்கலோவில் 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். எரிபொருள் வார்ப்பிரும்புக்குள், அது 5 சென்டிமீட்டர் தடிமனான செப்புக் குடுவைக்குள், சுற்றிலும் ஈரம் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண், அப்புறம் பாறை. ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு பொருள், ஒன்றைக் கெடுப்பது அடுத்ததைக் கெடுக்காது. ஆக்சிஜன் இல்லாத நீரில் செம்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பதில் விஞ்ஞானிகளிடையே உண்மையான விவாதம் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

ஒரு புதிய மின்நிலையத்தின் திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

நான், எந்தக் கருவிக்கு மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் ஒற்றைக்கோட்டு வரைபடத்தையும் தளங்களின் உயர வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரிப்பேன். ஒவ்வொரு காப்பு ஏற்பாட்டுக்கும் ஒரு வண்ணப் பென்சில் எடுத்து, ஜெனரேட்டரிலிருந்து பம்ப் வரை கோடு இழுப்பேன். சோலார், பேட்டரி நிலையமாக இருந்தால் இன்வெர்ட்டரின் மாதிரி எண்ணையும் மென்பொருள் பதிப்பையும் ஓரத்தில் எழுதுவேன். இரண்டு வண்ணங்கள் ஒரே அறைக்குள், ஒரே தளத்தில், ஒரே பதிப்பில் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு என்ன பதில் என்றுதான் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து கேட்பேன்.